மேடம் டீ சொல்லிவிட்டார்

கேன்டீன் ஸ்டான்லி டீத் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததுமே, எதிர் நாற்காலியில் இருந்த இயற்பியல் பேராசிரியருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆய்வகத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று அவர் வெகு நேரமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நிதி அலுவலர் ரேணுகா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கடைசியில் மேஜை மணியைத் தட்டினார். டீ வந்தது, கூடவே இரண்டு பட்டர் பிஸ்கட்டும் வந்தன. "சாப்டுங்க சார், ஆறிடப் போவுது" என்றார். பேராசிரியர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு, ஜெனரேட்டரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து போனார்.

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் சாலையில், கழுவெளிச் சதுப்பைப் பார்த்தபடி இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். அங்கே பத்து வருஷத்துக்கும் மேலாக ரேணுகாதான் நிதி அலுவலராக, அதாவது எஃப்.ஓ.வாக இருந்தார். வணிகவியல் பேராசிரியராக இருந்த அவரை, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிதிப் பிரிவில் கூடுதல் பொறுப்பாக உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அவர் அறையில் நடந்த சட்டம் எளிமையானது. முடியாது என்றால் டீ உண்டு. ஆகட்டும் என்றால் ஒன்றும் கிடையாது, விரட்டுதான்.

ஆரம்பத்தில் இது யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு வளாகம் முழுக்கப் பேச்சு வழக்காகிவிட்டது. லீவு கிடைக்காதவர் 'டீ குடிச்சிட்டு வரேன்' என்பார். பெண் பார்த்துவிட்டு வந்த ஓர் உதவிப் பேராசிரியரை நண்பர்கள் மறித்து, "இன்னா மச்சான், டீயா?" என்று கேட்டார்கள். டீயும் கொடுத்தார்கள், பெண்ணும் கொடுக்கிறார்கள் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. எந்தத் துறைக்கு என்ன கிடைக்கும் என்பது ஆட்சிக்குழுவுக்குத் தெரிவதற்கு முன்பே கேன்டீன் ஸ்டான்லிக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஸ்டான்லியின் நடையிலேயே ஒரு மிடுக்கு இருந்ததாகச் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் ரேணுகா கொடுக்கும் விளக்கம் இதுதான்: "ஆவும்னு சொல்லிட்டா அவன் அடுத்த வேலைய பாக்க ஓடணும். இன்னாத்துக்கு இங்க குந்திகினு டீ குடிக்கிறான்? ஆவாதுன்னு போறவன் வயித்துலயாவது எதுனா போய்ட்டுப் போவட்டும்."

மாணவர்களுக்கும் அதே சட்டம்தான். கட்டணம் கட்ட வழியில்லாத பெண் ஹால் டிக்கெட்டுக்காக வந்து நிற்பாள். "போ, போய்ப் படி. இன்னா நின்னுகினு கீற?" என்று ஓர் அதட்டல் விழும். அவள் அழுதுகொண்டே வெளியே வருவாள். "டீ குடுத்தாங்களா?" என்று குமாஸ்தா கேட்பார். இல்லை என்பாள். "அப்ப இன்னாத்துக்கு அழுவுற? சாயங்காலம் வந்து ஹால் டிக்கெட்ட வாங்கிக்க" என்பார் அவர்.

வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த ஒரு துணைவேந்தர், பட்டமளிப்பு விழாவுக்குள் வாசலில் பெரிய வளைவு எழுப்ப ஆசைப்பட்டு, தொலைபேசியில் எஃப்.ஓ.விடம் சொன்னார். சற்று நேரத்தில் ஸ்டான்லி துணைவேந்தர் அறை வாசலில் தட்டோடு நின்றார். துணைவேந்தர் டீயை ரசித்துக் குடித்துவிட்டு, 'நல்ல அம்மா, சொன்னதும் காரியத்தை முடித்துவிட்டார்' என்று மேஸ்திரியைக் கூப்பிட்டு அளவெடுக்கவும் சொல்லிவிட்டார். அவருக்கு உண்மையை எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. வாசலில் இன்றைக்கும் வளைவு கிடையாது.

டீயைவிட அவர் கறாராக இருந்த இன்னொரு விஷயம் உண்டு. தனக்கு வேண்டியதைத் தானே வந்து கேட்க வேண்டும். சிபாரிசுக் கடிதம், பெரிய மனிதரின் போன், துறைத்தலைவர் மூலம் தூது எதுவும் செல்லாது. சுற்றறிக்கையே போட்டிருந்தார், அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. "வேணும்ன்றவன் வாயத் தொறந்து கேக்கட்டும். கேக்கறதுல இன்னா வெக்கம்?" என்பார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைச் சொல்வது சுலபம் என்று அப்போது அவருக்குத் தோன்றியதில்லை.

எஃப்.ஓ. ஆன பிறகும் காலை முதல் வகுப்பை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தையூர்ப் பக்கத்து விவசாயி அப்பாசாமியின் மகள். கூட்டங்களில் ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும், வகுப்புக்குள் நுழைந்தால் ஊர்ப் பேச்சுதான். எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போடலாம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அவர் வகுப்பில் அது நடக்காது. "அனாமத்துன்னு உலகத்துல ஒன்னும் கெடையாது. யாரோட்துன்னு தேடறதுக்குச் சோம்பேறித்தனம், அவ்ளோதான்" என்பார். பேருந்தில் கிடந்த குடைக்குக்கூடச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. அந்தப் பேருந்தின் நடத்துநர் முத்துசாமிதான் பிறகு அவருக்குக் கணவரானார். குடை யாருடையது என்று விசாரித்ததில் ஆரம்பித்த பழக்கம் என்று அவர் சொல்வார், ரேணுகா மறுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வேறு. அதற்குப் பட்டம் கிடையாது, கட்டணமும் கிடையாது. மாமல்லபுரத்தில் சிப்பிப் பொருள்கள் விற்பவர்கள், கூடுவாஞ்சேரியில் டிபன் கடை வைத்திருப்பவர்கள், கார் ஓட்டுகிறவர்கள், மனை வாங்கி விற்கும் தரகர்கள் என்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். தங்கள் வியாபாரத்தைத் தாங்களே எழுதிப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பார். வணிகவியல் துறையின் தரைத்தள அறையில் அது பல வருஷமாக நடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு காலையில் அவர் வந்து நின்றால் காவலாளி பூட்டைத் திறந்துவிடுவார். யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவலாளி திறக்கவில்லை. விடைத்தாள் கட்டுகளை அடுக்கப் பரீட்சைப் பிரிவு அந்த அறையைக் கேட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை முடிவாகிவிடும், அதுவரை யாரையும் விட வேண்டாம் என்று உத்தரவு என்றார். மற்ற அறைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுகளுக்குப் போய்விடும். அறை போனால் வகுப்பும் போயிற்று என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. சிப்பிக் கடை ஜெகதாம்பாள் கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னா மேடம், இத்தோட அவ்ளோதானா? நா இப்பதான் கொள்முதலு எழுதக் கத்துகினேன்" என்றாள். ரேணுகாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "கேட்டுச் சொல்றேன், போய்ட்டு வா" என்றார்.

அறைகளை ஒதுக்குவதும் நிதிப் பிரிவுதான் என்பதால், திங்கட்கிழமை அவர் அங்கே போனார். இப்போதைய எஃப்.ஓ. ஹரிசங்கர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சமீபத்தில் வந்தவர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்றார். உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டில் சார் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே மேஜை மணியைத் தட்டினார். ஸ்டான்லி தட்டோடு வந்தார். நாற்காலியில் இருப்பது யாரென்று பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் போகவும் முடியவில்லை, முன்னால் வரவும் கால் எழவில்லை.

"கொண்டாங்க ஸ்டான்லி, மேடத்துக்குத்தான்" என்றார் ஹரிசங்கர்.

ரேணுகா டீயைப் பார்த்தார். எடுத்து மெதுவாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "சரிப்பா, நான் வர்றேன்" என்று எழுந்தார். வந்த விஷயம் என்ன என்று ஹரிசங்கர் கேட்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

"அந்தம்மாவுக்குப் போயி டீ குடுத்துட்டீங்களே சார்" என்றார் ஸ்டான்லி.

"ஏனுங்க, அவங்களுக்குச் சர்க்கரைங்களா?"

ஸ்டான்லி விஷயத்தைச் சொன்னார், அறை விஷயத்தையும் சேர்த்தே சொன்னார். ஹரிசங்கர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அவங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்களுக்குத்தானுங்க முதல்ல. கேக்கவே இல்லையே. பரீட்சைப் பிரிவு முறைப்படி வந்து கேட்டிருக்கு. நானா எடுத்துக் குடுத்தா, அவங்க போட்ட சர்க்குலரை வச்சே என்னைக் கேப்பாங்க" என்றார்.

இதை ஸ்டான்லி அன்றைக்கே திருப்போரூர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ரேணுகா கேட்டபடியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஊருக்குப் புதியவரான ஹரிசங்கருக்கு அந்த டீயின் அர்த்தம் தெரிந்திருக்க வழியில்லை என்பது அவருக்குப் படியிறங்கும்போதே தெரியும். அதற்கும் முன்பே தெரிந்திருக்கலாம். டீயைக் கண்டதும் அவருக்கு ஏமாற்றம் வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அது. எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொன்னவர்தான், தன் வாழ்நாளில் யாரிடமும் வேண்டும் என்று போய் நின்றதே இல்லை.

முத்துசாமிக்குப் பொறுக்கவில்லை. "முப்பது வருசமா டிக்கெட்டு, டிக்கெட்டுன்னு ஊரெல்லாம் கேட்டுகினு கெடந்தேன். என் வாயி இன்னா தேஞ்சா பூடுச்சு?" என்றார்.

"அது உன் வேல. நீ கேட்ட."

"இது யாரு வேல?"

ரேணுகா கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் போனார். உதவியாளர் ஓடி வந்து, "நேரா உள்ள போங்க மேடம், உங்கள யாரு நிறுத்தப் போறாங்க?" என்றார். "இல்லப்பா, வரிசையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த அறைக்குள் அத்தனை வருஷம் இருந்தவர் அந்தப் பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் தாவரவியல் துறை இளைஞர் ஒருவர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முருகன் பாட்டு சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார் ரேணுகா. காதைக் கொடுத்துக் கேட்டால், "சார், ஒரே நிமிஷம் சார், போன வருஷமே சொல்லியிருந்தேன் சார்" என்று வந்தது.

"இன்னாப்பா பண்ற?"

இளைஞர் வெட்கப்பட்டார். "உள்ள போனா வாய் கொழறிடுது மேடம். அதான் சொல்லிப் பாத்துக்கறேன். இந்தப் பெஞ்ச்சுல எல்லாரும் அதத்தான் பண்ணுவாங்க."

"என் காலத்துலயுமா?"

"உங்க காலத்துல இன்னும் ஜாஸ்தி மேடம்."

கதவு திறந்தது, இளைஞர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். பெஞ்சில் ரேணுகா மட்டும் இருந்தார். கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். வராந்தாவில் இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பி, உதடு மட்டும் அசைய, "தம்பி, ஞாயித்துக்கெழம எனக்கு அந்த ரூமு வேணும்" என்று சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.