டோருன் கிழித்த அத்தியாயம்

நூலகப் பிரதியிலிருந்து ஒரு துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை நூலகர் டோருனே கிழித்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. விசாரித்தேன், உண்மைதான். எழுதியவன் அவள் தம்பி. காலமான அப்பாவுக்கு வடக்கே இன்னொரு குடும்பம் இருந்ததை அதில் போட்டு உடைத்திருந்தான்.

ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குடிலில் பனியைப் பார்த்தபடி கொலைக்கதை படிப்பது நார்வேக்காரர்களாகிய எங்கள் பக்தி. டோருனின் அம்மா போர்கில்ட் எடுத்துப்போனது அந்தப் பிரதியைத்தான்.

திரும்பி வந்தவள் கேட்டாள்: “உங்கப்பன் சங்கதி இருக்குன்னுதானே கிழிச்சே? அது எனக்கு நாப்பது வருஷமா தெரியும்டி. கொன்னது யாரு, அதச் சொல்லு.”

“மொதல்ல காபி குடிம்மா.”

நாவலில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த கணவனைக் கொன்றவள் மனைவிதான். மூன்று வாரமாகிறது. அம்மா தினமும் கேட்கிறாள், டோருன் காபி ஊற்றுகிறாள். பதில் இன்னும் பாக்கி.