எந்தக் கல்யாணத்துக்கு இருபத்தைந்து?

ஐந்து வருடமாக ஹவ்வா அடுத்தவர்களின் திருமண நாளைத்தான் கொண்டாடி வந்தாள். படுக்கையில் பூவிதழால் இதயம் வரைவது, மணல்திட்டில் மேசை போட்டு விளக்கு வைப்பது, கேக்கில் எத்தனையாவது வருடம் என்று எழுதச் சொல்வது எல்லாம் அந்த உல்லாசத் தீவில் அவள் வேலை. ஐந்து வருடம் முடித்த ஊழியருக்கு அங்கே ஒரு சலுகை உண்டு. பெற்றோரின் இருபத்தைந்தாவது திருமண நாள் வந்தால், கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டில் அவர்களை இரண்டு நாள் இலவசமாகத் தங்கவைக்கலாம். தரையில் கண்ணாடி பதித்த வீடு. கட்டிலில் படுத்தபடியே மீன் பார்க்கலாம்.

அம்மா சகீனா கடல் தாண்டி எங்கும் தங்கியதில்லை. தலைநகர் மாலேவுக்குப் போனால்கூட அன்றே திரும்பிவிடுவாள். அவளை அந்தக் கட்டிலில் படுக்கவைக்க வேண்டும். ஹவ்வாவுக்கு வேறு ஆசை எதுவும் அந்த வருடம் இல்லை.

தான் பிறந்ததற்கு முந்தைய வருடம் கல்யாணம் நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டாள். இந்த வருடத்தோடு இருபத்தைந்து. அம்மாவுக்குத் தெரியாமல் சித்தியிடம் சொல்லி, வீட்டு அலமாரியில் இருந்த திருமணச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பார்க்காமலே விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஊழியர் நலப் பிரிவு ஷம்லான் அவளைக் கூப்பிட்டான்.

"ஹவ்வா, உங்க அப்பா அம்மா கல்யாணத்துல நீயும் பிரியாணி சாப்பிட்டியா?"

"என்ன உளறல்?"

"சான்றிதழ்ல பதினோரு வருஷத்துக்கு முந்தின தேதிதான் போட்டிருக்கு. அப்ப உனக்குப் பல்லு விழுந்து முளைச்சே ரொம்ப நாள் ஆயிருக்குமே."

ஹவ்வா தாளை வாங்கிப் பார்த்தாள். பெயர்கள் சரி. ஸகரிய்யா, சகீனா. தேதிதான் புரியவில்லை. ஒன்பது வயதிலிருந்து சில வருடம் அம்மாவோடு சித்தி வீட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அப்போது சொன்னார்கள். அதற்குமேல் அவளும் கேட்டதில்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் பேசினாள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"மம்மா, உங்க கல்யாணம் எப்ப நடந்தது?"

"எந்தக் கல்யாணம்?"

"மொத்தம் எத்தனை?"

"மூணு. எல்லாம் உங்க அப்பாவோடதான், பயப்படாதே. ஊர்ல பாதிப் பேரு இப்படி விட்டுட்டுத் திரும்பக் கட்டினவங்கதான். ஏன் திடீர்னு?"

அவள் கொண்டாட்டத்தைப் பற்றிச் சொன்னாள். துருவல் நின்றது.

"அந்தத் தீவுக்கா? ரெண்டாவது தடவை என்னை விட்டுட்டு அங்கதான் போனார். மர வீடு கட்டுறாங்களாம், இவர் இல்லாம ஆணி இறங்காதாம். ரெண்டு பெருநாளுக்கு வீட்டுப் பக்கமே வரல. நான்தான் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினேன்."

அப்படியானால் அந்த வீடு? ஐந்து வருடமாக அவள் பூத்தூவி வந்த வீடுகளில்தான் அம்மாவின் ஒரு கல்யாணம் முறிந்திருக்கிறது.

அப்பாவிடம் பேசினால் தெளியும் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

"இருபத்தஞ்சுதான். சந்தேகமே இல்ல. முதல் கல்யாணத்துலேருந்து எண்ணு."

"நடுவுல நீங்க அவங்களுக்குப் புருஷனாவே இல்லையே, பப்பா?"

"மனசுல இருந்தேன்ல!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல். "மனசுல இருந்தவரு ஒரு மூட்டை அரிசியாவது அனுப்பியிருக்கலாம்! அந்த வருஷமெல்லாம் என் கணக்குல வராது, ஹவ்வா. பொய் எழுதிக் கூட்டிட்டுப் போனா நான் படகுலயே ஏற மாட்டேன்."

ஷம்லான் நல்லவன்தான். "முதல் சான்றிதழோட நகல் கோர்ட்ல கிடைக்கும். அதை வெச்சுக் கொடு, நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றான். ஹவ்வா இரண்டு நாள் யோசித்தாள். நகல் வாங்கினால் வீடு கிடைக்கும், அம்மா வரமாட்டாள். வாங்காவிட்டால் அம்மா வரலாம், வீடு கிடைக்காது. யாருக்காக இந்த வீடு என்று மூன்றாம் நாள் தன்னையே கேட்டுக்கொண்டு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினாள். அதற்குப் பதிலாக, எந்த ஊழியரும் கேட்கக்கூடிய ஒரு நாள் குடும்ப வருகைக்கு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் "பெற்றோர்" என்று மட்டும் எழுதினாள்.

இருவரும் காய்கறிப் படகில் வந்து இறங்கினார்கள். அம்மா பெருநாள் உடை போட்டிருந்தாள். மதியம் விருந்தினர் இல்லாத ஒரு மரவீட்டின் வெளித்தளத்துக்கு ஹவ்வா அவர்களைக் கூட்டிப்போனாள். கண்ணாடித் தரை உள்ளே இருந்தது. உள்ளே போக அனுமதி இல்லை.

"இதுல எது நீங்க அடிச்ச பலகை?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா குனிந்து தேடினார். "இது… இல்ல, அது. பலகையெல்லாம் மாத்திட்டாங்க போல."

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க."

அடுமனைக்காரர் கேக் கொடுத்திருந்தார். எண் எத்தனை என்று அவர் கேட்டபோது, எண் வேண்டாம் என்றிருந்தாள் ஹவ்வா. மூன்று மெழுகுவர்த்தி மட்டும் கேட்டு வாங்கியிருந்தாள். அப்பா உற்சாகமாக மூன்றையும் ஏற்றினார். அம்மா முதலாவதை ஊதினாள். இரண்டாவதை விரலால் நசுக்கினாள். மூன்றாவதைத் தொடவில்லை.

கடல்காற்று அடித்தது. சுடர் படுத்து எழுந்தது. அப்பா பதறி இரண்டு கையையும் அதைச் சுற்றிக் குவித்தார்.

"கை சுடுது, சகீனா."

"சுடட்டும்" என்றாள் அம்மா, கேக்கில் ஒரு துண்டு வெட்டியபடி. "பிடிங்க. நான் சாப்பிட்டு முடிக்கிறேன்."

அவள் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். அப்பா கையை எடுக்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஹவ்வா இன்னொரு தட்டை நீட்டினாள்.