உள்ஓரம் தேய்ந்த டயர்

டயர்க்கடைக்காரரின் சட்டையை என் மைத்துனர் பிடித்த பிடியில் பொத்தான்கள் தெறித்து விழுந்தன.

"போலி டயரத் தலையில கட்டிட்டு எதுத்துப் பேசறியாடா?" என்று கன்னத்தில் ஒன்று விட்டார். மனைவியின் தம்பி என்பதால் நான்தான் விலக்க வேண்டியிருந்தது. விலக்கியதற்கு என் முழங்கையிலும் ஒன்று விழுந்தது.

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். முன் இடது சக்கரத்தின் ரப்பர் புஷ் நைந்து, பால் ஜாயின்ட் ஆடிக்கொண்டிருந்தது. சக்கரம் சாய்ந்து ஓடினால் டயர் உள்ஓரத்தில்தான் தேயும். புது டயருக்கும் அதே கதிதான். அலைன்மென்ட் பார்த்தாலும் அடுத்த பள்ளம் வரைக்கும்தான் நிற்கும்.

"புஷ்ஷையும் ஜாயின்ட்டையும் மாத்து மாப்ள. உங்க அக்கா வாராவாரம் அம்மாவப் பாக்க இதுலதான் நன்னிலம் போறா."

"ரிட்டயர்டானப்புறமும் எஃப்.சி. பாக்கறீங்களே அத்தான்!" என்று சிரித்தார். பிறகு டயரைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னார்: தேய்ந்த ஓரம் வெளியே, நல்ல ஓரம் உள்ளே. எங்கள் பக்கத்தில் எதையும் இரண்டு பக்கமும் தீர்த்துவிட்டுத்தான் தூக்கிப்போடுவார்கள். அறை வாங்கியவரே மாட்டியும் கொடுத்தார்.

சில மாதம் கழித்து, அறுவடை சமயம், படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்க்க மூவரும் கிளம்பினோம். மனைவி தம்பிக்குப் பக்கத்தில், சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே. நான் பின்னால்.

ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையம் திருப்பி அனுப்பிய நெல்லைப் பாதிச் சாலையில் காயப்போட்டு, ஓரமாகக் கல் வைத்திருந்தார்கள். அது கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்பது எனக்குத் தெரியும், நெல்லுக்குத் தெரியாது. எதிரே பஸ் வந்தது. மைத்துனர் பிரேக் போடுகிற ரகம் இல்லை. இடது சக்கரத்தைக் கல்மேல் ஏற்றினார்.

டயர் வெடித்தது. கார் நெல்லில் சறுக்கிப் பூவரச மரத்தில் மோதியது. மனைவியின் நெற்றி பக்கக் கண்ணாடியை உடைத்தது. பெல்ட் போட்டிருந்ததால் உடம்பு உள்ளேயே இருந்தது.

நெல்லுக்காரர் நெல் தள்ளும் பலகையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். மைத்துனர் வீல் ஸ்பேனரோடு இறங்கினார்.

"ரோட்டுல கல்லு வச்சவன் எவன்டா?"

"உங்கப்பன் போட்ட ரோடாடா? நெல்லு மேல ஓட்டிட்டு வாயி வேறயா?"

பலகை மைத்துனரின் தோளில் இறங்கியது. ஸ்பேனர் பலகையைப் பிளந்தது. அடுத்தது மண்டைதான். மனைவியை நான் கைத்தாங்கலாக இறக்கினேன். முந்தானையை நெற்றியில் அழுத்தியபடி அவள் கிழிந்த டயரையே பார்த்தாள். திருப்பி மாட்டிய உள்ஓரத்திலும் ரப்பரே இல்லை, கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன.

"இங்க வந்து பாருடா. கல்லுல ஏத்தறதுக்கு முன்னாடியே இது செத்துப்போச்சு. அம்மாவப் பாக்க வந்தவள அம்மாவுக்கு முந்தி அனுப்பப் பாத்தியா?"

மைத்துனர் டயரைப் பார்த்தார். ஸ்பேனர் தானாகக் கீழிறங்கியது. அவள் கழுத்து வரை வழிந்திருந்த ரத்தத்தைக் கண்டதும் நெல்லுக்காரரும் பாதிப் பலகையைக் கீழே போட்டார்.

"கூடப்பொறந்தவ ரத்தம் ஒழுக நிக்கறா, ஒனக்குச் சண்டையா? ஏறுங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று தன் குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்தார். மனைவி முன்னால் ஏறினாள். நான் பின்னால் ஈரச் சாக்குகள்மேல். மைத்துனரும் ஏறப் போனார்.

"நீ வேணாம்" என்றாள் மனைவி. "அந்த டயர்க்கடைக்காரருக்குப் போன் போடு. எடுத்தார்னா, மொதல்ல மன்னிப்புக் கேளு."

வண்டி நகர்ந்தது. சிதறிய நெல்லுக்கு நடுவே அவர் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் உதடு அசையவில்லை.