எந்தக் கறி?

என் மனைவிக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்தது ஆனி மாதம், ஒரு கிருத்திகைக்கு மறுநாள். தறியில் உட்கார்ந்தவளுக்கு நெஞ்சை அடைத்தது என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஆஞ்சியோ செய்துவிடலாம் என்றார் டாக்டர். ஆஞ்சியோ என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

உணவு ஆலோசகரைப் பார்க்க அவள் மட்டும் உள்ளே போனாள். நான் மருந்துக் கடை வரிசையில் நின்றேன். வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நல்ல பொண்ணுங்க. வாரத்துல ரெண்டு நாள் மீன் துன்னச் சொல்லிச்சு. மத்த நாள்ல சோத்தைக் கொறைச்சுக்கினு கறிய நெறைய போட்டுக்கச் சொல்லிச்சு."

"கறியா? கொழுப்புக்கா?"

"நீங்க படிச்ச புஸ்தகம்லாம் பழசு. இப்ப சோறுதான் கெடுதலாம்."

சோறு கெடுதல் என்று நானும் எங்கோ படித்திருந்தேன். புதனும் ஞாயிறும் மீன் என்று வைத்தோம். வெள்ளியும் அமாவாசையும் கிருத்திகையும் எங்கள் வீட்டில் சுத்த சைவம். மற்ற நாட்களில் ஆட்டுக்கறி. கறிக்கடைக்காரர் எனக்கு நாற்காலி போடத் தொடங்கினார்.

புரட்டாசியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு இன்னும் ஏறியிருந்தது. இந்த முறை நானும் உள்ளே போனேன். ஆலோசகர் பெருமாள் கோயில் வீதியில் பிறந்து வளர்ந்த இளம்பெண்.

"நான் சொன்னபடி சாப்பிட்டேளா?"

"ஒரு நாள் வுடலம்மா. கறி நெறைய, சோறு ஒரு கரண்டி."

"என்ன கறி?"

"ஆட்டுக்கறிதான். வேற இன்னா கறி இருக்குது?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயோ! நான் சொன்னது வாழைக்காய்க் கறி, கோஸ் கறி, அவரைக்காய்க் கறி!"

"அது பொரியல்மா! பொரியலுக்குப் போயி கறின்னு பேர் வச்சா மனுசி இன்னாதான் பண்ணுவா?"

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் மூவரும் சிரித்தோம். ஆஞ்சியோவுக்கு இன்னொரு மூன்று மாதம் தவணை கேட்டு, டாக்டரிடம் அந்தப் பெண்ணே பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். பழைய தமிழில் கறி என்றால் மிளகு. மிளகு போட்டுச் சமைத்ததெல்லாம் கறியாகி, பிறகு ஒரு வீதியில் காயாகவும் இன்னொரு வீதியில் ஆடாகவும் பிரிந்துபோனதோ? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஊர், ஒரே தேர். அடுப்புக்கு அடுப்பு அகராதி வேறு.

அதன் பிறகு ஆட்டுக்கறி பண்டிகைக்கு மட்டும்தான். புதனில் கிருத்திகை வந்தால் மீன் வியாழனுக்கு நகர்ந்தது. கானாங்கெளுத்தியை வறுக்காமல் குழம்பாக வைத்தாள். மற்ற நாட்களில் அவரையும் கோஸும். முதல் வாரம் தட்டைப் பார்த்து, "இதான் அந்தக் கறியா?" என்று பெருமூச்சு விட்டாள். கறிக்கடைக்காரர் என்னை வழிமறித்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

மார்கழியில் ரத்தம் எடுத்தபோது கொழுப்பு இறங்கியிருந்தது. இப்போதைக்கு ஆஞ்சியோ வேண்டாம் என்றார் டாக்டர். அவள் நேராக ஆலோசகர் அறைக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம்.

"இப்படியே சாப்பிடுங்கோ. இனிமே கூட்டும் நிறைய சேத்துக்கலாம்."

என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இரும்மா. உங்க ஊட்டுல கூட்டுன்னா இன்னா?"