மறியல் ஸீல்

றஸ்மியாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்த ஊரில் கிடையாது. மாத்தளையிலிருந்து உக்குவளைக்குப் போகும் பாதையில் இறங்கி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப் போனால் வருகிற சின்ன முஸ்லிம் ஊர் அது. புருஷன் முஸம்மில் சிறையில், ஊர்ப் பேச்சில் மறியலில், இருந்த நாலு வருஷமும் அவள் விடிவதற்கு முன் எழுந்து இடியப்பம் அவித்து, பாதையோரக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்தாள். யாராவது பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாவம் நீ என்று பேச்சைத் தொடங்கினால் போதும். "ஒங்கட மாப்பிள வெளியிலதானே ஈக்காரு, அவர் என்னத்தக் கிழிச்சாரு?" என்று கேட்டுவிடுவாள். வந்தவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விடுவாள்.

அவளுக்குக் கோபம் வராத ஆளென்று யாரும் மிச்சமில்லை. முதல் கோபம் முஸம்மில்மேல்தான். பள்ளிக்கூடத்துக்குப் பேருக்குப் போய், எழுத்துப் பிடிபடாமலே பன்னிரண்டு வயதில் அதை விட்டவன். வாப்பா மௌத்தாகி அடக்கிய அடுத்த கிழமையே ரவூப் ஹாஜியாரின் மிளகுக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கப் போனான். அவன் ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஹாஜியாரும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தூக்கினான். முதுகு போனதும் வாடகைக்கு ஒரு த்ரீவீலர் எடுத்து ஓட்டினான். ஒருநாள் இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு வியாபாரியின் களஞ்சியத்தை உடைக்கப் போன மூன்று பேருக்கு வண்டி ஓட்டினான். உள்ளே போனவர்கள் காவலாளியின் கையை முறித்துவிட்டார்கள். இவன் என்ஜினை நிறுத்தாமல் வெளியே காத்திருந்தான். தெரிந்தேதான் போனான். அதை அவனும் மறைத்ததில்லை, அவளும் மறைத்ததில்லை.

மறியலுக்குப் போன இரண்டாம் வருஷம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதத் தெரியாத மனுஷன். யாரையோ பிடித்து எழுதுவித்து நடிக்கிறான் என்று நினைத்து, றஸ்மியா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அடுத்த தடவை பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டான், கடிதம் கிடைத்ததா, எழுத்து விளங்கியதா என்று. எழுதியது தானேதான் என்றும் சொன்னான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழுதாள். அழுததும் கோபத்தில்தான். முப்பத்தாறு வயது வரைக்கும் இந்த மனுஷனுக்கு நாலு எழுத்துச் சொல்லிக்கொடுக்க நாட்டில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஒரு பூட்டை உடைத்த பிறகுதான் அரசாங்கத்துக்கு அவன் ஞாபகம் வந்தது. களவெடுத்தால்தான் படிப்பிப்பார்கள் என்றால், களவெடுக்காத பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

எழுத்துக்குப் பிறகு வயரிங் வகுப்பில் சேர்ந்தான். அதில் பதினாலு பேர். பலகையில் பல்பும் சுவிட்சும் பூட்டிப் பழக வேண்டும். வகுப்பு முடிந்ததும், கத்தரித்த வயர்த் துண்டுகளை ஒன்று விடாமல் எண்ணி ஒப்படைத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்தப் பழக்கம் அவனைவிட்டுப் போகவேயில்லை. வெளியே வந்த பிறகும் யார் வீட்டில் வேலை செய்தாலும் விரல் நீளத் துண்டுகளைக்கூட எண்ணி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவான்.

பரீட்சையில் பாஸ் பண்ணினான், சான்றிதழ் வந்தது. கைதிகளின் படிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். விடுதலையாகும் நாளில் அவர் சான்றிதழைப் பத்துப் பிரதி எடுத்து, பத்திலும் உண்மைப் பிரதி என்று கையெழுத்துப் போட்டு, மறியலின் வட்ட ஸீலை அழுத்தி அடித்துக் கொடுத்தார். கூடவே, மறியல் பெயர் அச்சடித்த தாளில் அவனுடைய நடத்தையைப் பற்றி ஒரு கடிதம். எங்கே வேலை கேட்டாலும் இதைக் காட்டு என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷர்தான். ஆனால் வெளியே வேலை கேட்டு நிற்பவனை அந்த ஸீல் என்ன பாடுபடுத்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் விண்ணப்பத்தை ஒரு தையல் தொழிற்சாலையில் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் சான்றிதழைப் பார்த்தாள், ஸீலைப் பார்த்தாள், கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்து, கூப்பிடுவோம் என்றாள். கூப்பிடவில்லை. அன்றைக்கே றஸ்மியா பத்துப் பிரதியையும் அந்தக் கடிதத்தையும் ட்ரங்குப் பெட்டியில், தன் கலியாணச் சேலைக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டாள். அவனிடம் அவை தொலைந்துபோய்விட்டன என்று சொன்னாள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேலை கொடுக்கவில்லையே தவிர, வேலை வாங்க ஊர் வெட்கப்படவில்லை. பள்ளிவாசலில் ஃபேன் நின்றால் முஸம்மில். கலியாண வீட்டுக்கு லைட் போட முஸம்மில். முடிந்ததும் கூலிக்குப் பதில் ஒரு பிளேன்டீ, ஒரு துஆ. அதே மனுஷர்கள் கடை வாசலில் உட்கார்ந்து, கள்ளனுக்குப் படிப்பித்தால் படித்த கள்ளன்தானே வெளியே வருவான் என்று சிரிப்பார்கள். அவன் போட்ட வெளிச்சத்தில் இருந்துகொண்டே சிரிப்பார்கள். எங்கேயாவது ஒரு மூட்டை மிளகு காணாமல் போனால் பொலிஸ் முதலில் வந்து நிற்பது அவன் வாசலில். வகுப்பில் இருந்த பதினாலு பேரில் இரண்டு பேர் திரும்பவும் உள்ளே போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரைப் பற்றி ஊருக்கு நன்றாகத் தெரியும். மிச்சப் பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கலேவெலயில் மரக்கறிகளுக்குப் புதிதாக ஒரு குளிர்க் களஞ்சியம் திறக்கப்போவதாகவும், அங்கே நிரந்தரமாக ஓர் எலெக்ட்ரீஷியன் தேவை என்றும் தெரிய வந்தது. சான்றிதழின் பிரதியும், அவனை நன்றாக அறிந்த பொறுப்பான ஒருவரின் நற்சான்றிதழும் வைத்து, திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரும்படி அனுப்ப வேண்டும். ரவூப் ஹாஜியார் பள்ளிவாசல் தலைவர், அதோடு ஜே.பி., சமாதான நீதவானும்கூட. தன் ரப்பர் ஸீலைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காத மனுஷர். சவூதிக்குப் போகிறவனுக்கும் பாஸ்போட்டுக்குக் கொடுப்பவனுக்கும் தெருவில் நின்றுகொண்டே அடித்துக் கொடுப்பார். மறியல் பெயர் இல்லாத மூலச் சான்றிதழுக்குப் புதுப் பிரதியும் நற்சான்றிதழும் அவர் ஸீலோடு வாங்க, றஸ்மியா மூன்று கிழமையாக அவர் வீட்டுக்கு நடந்தாள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வா என்றார். ஸீலில் மை காய்ந்துவிட்டது என்றார். அவள் வேறு யாரிடமென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். இவர் அந்த நாலு வருஷமும் நோன்புக்கு அரிசி அனுப்பியவர். தின்ற சோறு தொண்டையில் நின்றது.

வியாழக்கிழமை பகல் ஹாஜியாரின் ஆள் ஓடி வந்தான். மிளகு காய வைக்கும் மெஷின் புகைந்து நின்றுவிட்டது. மூன்று நாளாக ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் கறுத்து மழை விடவில்லை. களஞ்சியம் நிறைய ஈர மிளகு. இன்றைக்குக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். முஸம்மில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். றஸ்மியா நற்சான்றிதழ்ப் படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். அவன் வாய் திறந்து கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

களஞ்சியத்தில் அவன் மெஷினை அதிக நேரம் பார்க்கவில்லை. அதற்கு வந்த வயரைத் தொட்டுத் தொட்டுச் சுவரோடு போனான். ஒரு பலகையைக் கழற்றினான். உள்ளே, மீட்டருக்குப் போவதற்கு முன்னாலேயே லைனிலிருந்து ஒரு கம்பி பிரிந்து, நேரே மெஷினுக்கு வந்திருந்தது. மெஷின் இழுத்த கரண்ட் ஒரு யூனிட்டும் மீட்டருக்குத் தெரியாது. அந்த இணைப்புத்தான் சூடேறி உருகியிருந்தது.

முஸம்மில் மெதுவாகச் சொன்னான், இதை மீட்டர் வழியாகத்தான் எடுக்க வேண்டும், மின்சார சபைக் கந்தோருக்கு அறிவித்துத் தடித்த கேபிள் போட வேண்டும் என்று. ஹாஜியார் சிரித்தார். இந்த விலைவாசியில் எவன் மீட்டர் வழியாக மெஷின் ஓட்டுகிறான், எல்லாரும் செய்கிறதுதானே, இந்த மழை முடியும் வரைக்கும்தானே என்றார். பிறகு சட்டைப்பையில் கையை விட்டு ஸீலை வெளியே எடுத்தார். மையெல்லாம் ஈரமாகத்தான் இருந்தது.

"இருந்த மாதிரியே மாட்டிக் குடு முஸம்மில். ஒன்ட பேப்பர இங்கயே ஸீல் பண்ணித் தாறேன். நல்ல நடத்தைன்னு என்ட கையாலயே எழுதித் தாறேன்."

முஸம்மில் உருகிய இணைப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். றஸ்மியா ஸீலையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஒரு கம்பி. கலேவெலயில் மாதச் சம்பளம், பொலிஸ் ஜீப் வாசலில் நிற்காத ஒரு வீடு, எல்லாம் அந்த ஒரு கம்பியில் இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்?

"மாட்டிக் குடுங்களே," என்றாள். "மத்தவங்க செய்யாததா?"

முஸம்மில் திரும்பி அவளைப் பார்த்தான். அந்த மூன்று பேருக்காக வண்டியில் காத்திருந்தபோதும், மற்றவர்கள் செய்யாததா என்றுதான் நினைத்தேன் என்று பிறகு ஒருநாள் அவன் சொன்னான். அப்போது சொன்னது வேறு.

"இது களவு, றஸ்மியா. களவெண்டா என்னண்டு எனக்கு நாலு வருஷம் படிப்பிச்சாங்க."

உருகிய இணைப்பைக் கழற்றி, லைனின் நுனியைப் பாதுகாப்பாக டேப் சுற்றி மூடினான். கத்தரித்த துண்டுகளை மேசையில் வைத்து எண்ணினான். ஏழு. ஹாஜியாரையும் ஒருதரம் எண்ணிப் பார்க்கச் சொன்னான். ஹாஜியார் எண்ணவில்லை. ஸீலைத் திரும்பப் பைக்குள் போட்டார். மறியலுக்குப் போய்வந்தவனுக்கு இவ்வளவு தலைக்கனம் கூடாது என்றார். இனி ஊரில் ஏதாவது காணாமல் போனால் தன்னிடம் வந்து நிற்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வீடு வரும் வழியெல்லாம் றஸ்மியா முஸம்மிலைத் திட்டினாள். நல்ல மனுஷன் வேஷம் போட இதுதான் நேரமா, பிள்ளைகள் இடியப்பத்தையே தின்று வளர வேண்டுமா என்று கேட்டாள். அவன் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். வாசலுக்கு வந்து செருப்பைக் கழுவும்போதுதான் அவள் வாய் நின்றது. மறியலுக்குப் போனவன் அந்தக் கம்பியைத் தொடமாட்டேன் என்றான். மறியல் வாசலில் நாலு வருஷம் காத்து நின்றவள், அரிசி கொடுத்தவர், ஊர்த் தலைவர், ஒருவருக்கும் அது களவாகத் தோன்றவில்லை. கள்ளனைக் கட்டிய பாவத்துக்கு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இன்றைக்குக் களவெடு என்று சொன்ன வாய் அவளுடையது. அவளுக்கு அன்றைக்கு வந்த கோபத்தைப் போல அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை. அந்தக் கோபம் அவள்மேல்.

நேரே உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். சேலையை வெளியே எறிந்தாள். பத்துப் பிரதியும் கடிதமும் இருந்தபடியே இருந்தன. கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தொலையல்ல. நான்தான் ஒளிச்சி வெச்சேன்," என்றாள்.

அவன் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டு வாசித்தான். இவர் நாலு வருஷமும் எமக்குத் தெரிந்தவர், நேர்மையானவர், இவருடைய கைவேலையில் குறை கண்டதில்லை என்று இருந்தது. அவனுக்காக ஒருவர் எழுதிக் கொடுத்த ஒரே நற்சான்றிதழ். அதை அவன் அதுவரை ஒருதரம்கூட முழுதாக வாசித்திருக்கவில்லை. வாசித்து முடித்து மடித்து அவளிடம் கொடுத்தான். அவன் அப்போதும் ஏசவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

வெள்ளிக்கிழமை காலை அவள் தானே மாத்தளைத் தபாற்கந்தோருக்குப் போனாள். கவுண்டரில் நின்று தாள்களை அடுக்கும்போது பக்கத்தில் ஊர்க்காரி நிஷ்மியா நின்றாள். நிஷ்மியாவின் கண் அந்த வட்ட ஸீலில் விழுந்தது, உடனே விலகியது. முன்பென்றால் றஸ்மியா கையால் மூடியிருப்பாள். இன்றைக்குத் தாளைத் திருப்பி அவள் பக்கமாகவே வைத்தாள்.

"மறியல் ஸீல்தான். நல்லாப் பாத்துக்கோ. ஊர்ல போய்ச் சொல்லு, ஊர் குடுக்காதத மறியல் குடுத்திச்சுண்டு."

றஸ்மியா உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கலேவெலயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வருமோ வராதோ, யாருக்கும் தெரியாது. ஆனால் ஹாஜியாரின் மிளகு நன்றாகக் காய்ந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை பின்னேரமே டவுனிலிருந்து வேறொருவனைக் கூட்டி வந்து அந்தக் கம்பியை இருந்த மாதிரியே மாட்டிவிட்டார்கள். மாட்டியவன் ஒருநாளும் மறியலுக்குப் போனவன் அல்ல. அவனிடம் ஹாஜியார் தன் கையால் எழுதி ஸீல் அடித்துக் கொடுத்த நற்சான்றிதழ் ஒன்று இருக்கிறது.