புல்வெளியில் வெட்டிய குழிகள்

1976 ஜூன், வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து ஜீப் கிளம்பியது. ஓட்டுநர் பழனிச்சாமி வேலந்தாவளத்துச் சோள விவசாயி. சந்தை இல்லாத நாட்களில் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறார். அப்பாவுக்குப் பழக்கமானவர் என்பதால்தான் வீட்டில் என்னைத் தனியே அனுப்பினார்கள். தாவரவியல் முதுகலை முடித்தவள் நான். ஒரே பயணத்தில் எத்தனை வகைக் காடுகளைக் கடக்கலாம் என்று பார்க்க விரும்பினேன்.

உடுமலையிலிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர். முதலில் சின்னாற்றின் முள்காடு: குடைவேல், கள்ளி, ஆற்றோர மருதமரத்தில் சாம்பல் மலையணில். சோதனைச்சாவடியில் இருந்தவர், நான் தொலைநோக்கியை எடுத்ததும் சிரித்தார்.

"காட்டுக்கு இன்னும் மேல போகணும் மேடம். இது வெறும் முள்ளு."

மறையூரில் சந்தன மரங்களுக்குக் காவல் இருந்தது. விலை உள்ள மரம். அணிலுக்கு அப்படி யாரும் இல்லை.

மாலையில் சூரியநெல்லியைத் தாண்டி ஓர் எஸ்டேட்டை அடைந்தோம். அங்கே எழுத்தராக இருக்கும் ஆறுமுகத்தின் மனைவி தங்கம் என்னுடன் படித்தவள். வரையாடுகள் குட்டிகளோடு இறங்கும் புல்சரிவு வீட்டுக்கு மேலேயே இருக்கிறது என்று சொல்லி அழைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, மூடுபனி விலகியபோது ஆடுகளைப் பார்த்தேன். பாறை விளிம்பில் தாய்களும் குட்டிகளும் நின்றன. மலை மடிப்புகளில் சோலைக்காடு, மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரப் புல். ஆனால் அந்தப் புல்லுக்குள் கயிறு பிடித்தாற்போல் வரிசையாகக் குழிகள். தேயிலைக்கு வெட்டும் அதே இடைவெளி.

"நாளைக்கு மரம் நடுற விழா. யூகலிப்டஸ் வைக்கோம்" என்றார் ஆறுமுகம். "பாக்டரி அடுப்புக்கு வெறகு ஆச்சுல்லா. சும்மாதான கெடக்கு?"

"சும்மா எங்கே கிடக்கிறது? ஆடு மேய்கிறதே."

"அது வேற பக்கம் போயிக்கிடும்."

வேறு பக்கம் தேயிலை. அதற்கப்பால் செங்குத்துப் பாறை. எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் குழிகளை எண்ணத் தொடங்கினார். செடி வைக்காத நிலமெல்லாம் அங்கே சும்மா கிடக்கும் நிலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வனத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். தரிசைக் காடாக்குகிறோம் என்று பேசினார். கொழுந்து பறிக்கும் பெண்கள் குழிக்கொருவராக நின்றார்கள். நான் யார் என்று கேட்டறிந்ததும் அதிகாரி, முதல் கன்றைப் படித்த பெண் நடட்டும் என்று என்னிடம் நீட்டினார்.

"சார், இந்தப் புல்வெளியே ஒரு காடுதான். எதிரே கைவிட்ட தேயிலைக்காடு இருக்கிறதே, விறகு மரத்தை அங்கே வைக்கலாமே" என்றேன்.

"புல்லு காடா? எந்து பாட்டனி மேடம் படிச்சது?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சர்க்கார் பரிபாடி, கவர்ன்மென்ட் புரோகிராம் இது. தர்க்கம் வேண்டா. காலம் அறியுமல்லோ?"

அறிவேன். நெருக்கடி நிலையில் எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும்.

தங்கம் என் முழங்கையைப் பிடித்தாள். "ஏட்டி, வாங்கி நட்டுரு. எங்க வீட்டுக்காரவுக வேலையில கை வச்சிராத."

"விறகுக்காக நடுவதைக் காடு என்று சொல்லி நான் நட மாட்டேன்" என்று கன்றை அவருக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தேன். அதிகாரி அதை எடுத்து ஆறுமுகத்திடம் கொடுத்தார். அவர் என்னைப் பார்க்காமல் குனிந்து நட்டார். பிறகு அத்தனை குழிகளும் நிரம்பின. மதியம் அதிகாரி அவரை மட்டும் தனியே கூப்பிட்டு, யாரைக் கேட்டு விருந்தாளியைக் கூட்டிவந்தாய் என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை காலையில் தங்கம் புளிச்சோறு கட்டித் தந்தாள். "ஒனக்கென்ன, நீ ராத்திரிக்கு பாலக்காட்டுல இருப்ப" என்று மட்டும் சொன்னாள். ஆறுமுகம் வெளியே வரவில்லை. அதிகாரி மீது எனக்கு வந்த கோபத்துக்கு, பயந்து இருக்க வேண்டியவர் அவர்தான்.

ஜீப் இறங்கும்போது சரிவைப் பார்த்தேன். ஆடுகள் இல்லை.

"ஏனுங்க, எங்க சோளக்காட்டையும் தரிசுன்னு குழி வெட்டீருவாங்களாட்ட இருக்குதுங்க?" என்றார் பழனிச்சாமி.

நான் சிரிக்கவில்லை. பொழுது சாயும் நேரம் பாலக்காட்டு எல்லைக்குள் வந்தோம். மழைநீர் தேங்கிய வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நெல்லும் ஒரு புல்தான். அந்த வயலில் நின்று, சும்மா கிடக்கிறது, குழி வெட்டுங்கள் என்று சொல்லும் அதிகாரியை நான் பார்க்க வேண்டும்.