பை இல்லாத சட்டைகள்

ஒன்பது வருடங்களாக இம்மாக்குலா பள்ளிச் சட்டைப் பைகளில் மஞ்சள் நூலால் சங்கு தைத்துக்கொண்டிருந்தாள். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் லசூர்ஸ் மேட்டிலிருந்து கீழே கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கு இறங்கிப் போகும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சீருடை செனட்டர் கிளேர்சானின் உபயம். சங்கு அவருடைய தேர்தல் சின்னம். ஆகஸ்ட் பிறந்தால் நீலத் துணி லாரியில் வந்து இறங்கும். அக்டோபரில் பள்ளி திறக்கும்போது மேடு முழுக்கச் சங்காக இருக்கும்.

அவள் புருஷன் தியெசேல் செத்ததும் செனட்டரால்தான். ஒரு தேர்தல் சமயத்தில், மேட்டுப் பாதை முடிகிற இடத்தில் எரிந்த கார்களை அடுக்கித் தடுப்புப் போட்டு நின்ற பையன்கள் சுட்டார்கள். தியெசேல் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தான். பையன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது யார், மாதாமாதம் பண உறை அனுப்புவது யார் என்று மேட்டில் எல்லோருக்கும் தெரியும். சவப்பெட்டியும் செனட்டர்தான் அனுப்பினார். ஒரு மாதம் கழித்துத் தையல் மெஷின் வந்தது. மூன்று வாரம் அதன் மேல் போர்வையைப் போட்டு வைத்திருந்தாள். மகள் ஃபாபியோலாவுக்கு அப்போது ஐந்து வயது. நாலாவது வாரம் போர்வையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு பலன் இருந்தது. சங்கு போட்ட பிள்ளையைத் தடுப்பில் யாரும் தொடுவதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ரேடியோ சொன்னது: ஆயுதக் கும்பல்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் என்று கனடாக்காரர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். கிளேர்சான் பெயர் அதில் இருந்தது. ஜனங்கள் சட்டியையும் மூடியையும் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு யோலெத் ஓடி வந்தாள். அவள் ஃபாபியோலாவுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“கொமே, கேட்டியா? கனடாவுல அவனுக்கு இருக்கிற வீட்ட இனி விக்கவும் முடியாதாம், வாங்கவும் முடியாதாம். பாங்குல இருக்கிறதையும் கட்டிப் போட்டுட்டாங்களாம். இனிமே அவன் அந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்க முடியாது!”

“அப்ப அந்தப் பனிக்கோட்டு?”

“எந்தக் கோட்டு?”

“போன கிறிஸ்மஸுக்குக் கைய இறக்கித் தச்சுக் குடுத்தேனே, கரடி மாதிரி ஒண்ணு. அத எங்க போட்டுக்கிட்டுப் போவாரு?”

“இங்கயே போட்டுக்கிட்டு வேகட்டும்!”

இம்மாக்குலா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு உள்ளே போய் தியெசேலின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

செனட்டரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. மலைமேல் பெரிய சுவருக்குப் பின்னால் அவர் பாட்டுக்கு இருந்தார். அவருடைய தர்ம ஸ்தாபனத்தின் கதவில் பூட்டு தொங்கியது. துணி வரப்போவதில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். தடுப்புக்குப் போய்க்கொண்டிருந்த உறையும் நின்றுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

பையன்கள் இரண்டு மாதம் பொறுத்தார்கள். அப்புறம் லாரிகளை நிறுத்தினார்கள், தண்ணீர் விற்பவர்களிடம் பிடுங்கினார்கள். ஒரு பல் டாக்டரைத் தூக்கிப் போனார்கள். ஈஸ்டர் வருவதற்குள் அவர்களுக்குச் செனட்டரே தேவைப்படவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை. கிழவன் நம்மை உபயோகப்படுத்திக்கொண்டு கைகழுவிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கண்ணெதிரே அவருடையது என்று இருந்தது, பிள்ளைகளின் மார்பில் தைத்திருந்த சங்கு.

முதலில் ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் சட்டைப் பையைக் கிழித்துவிட்டார்கள். “உங்க தாத்தாவ வரச் சொல்லு” என்றார்களாம். மறுநாள் ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது. அன்றைக்கே அம்மாக்கள் சட்டைகளைச் சுருட்டிக்கொண்டு இம்மாக்குலா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சங்கை எடுத்துவிடு என்றார்கள்.

அவள் நெருக்கமாகத் தைப்பவள். முதல் இரண்டு சட்டைகளில் நூலைப் பிரிக்கப் போனாள். துணியும் சல்லடையாகக் கையோடு வந்துவிட்டது. மாற்றுப் பை தைக்க நீலத் துணி இல்லை, துறைமுகப் பாதை அடைபட்டிருந்தது. அதனால் பையையே முழுதாக வெட்டி எடுக்க ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு சட்டைகள். எடுத்த பைகளை எறிய மனமில்லாமல் ஒரு மாவுச் சாக்கில் போட்டு வைத்தாள். ஃபாபியோலாவின் சட்டையைக் கடைசியாக எடுத்தாள். அந்தப் பையின் மூலையில் மை கசிந்து ஒரு கறை இருந்தது.

ஃபாபியோலா சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

“அம்மா, பை இருந்த எடம் தெரியுது.”

வெயிலில் வெளுத்த சட்டையில் அந்த இடம் மட்டும் சதுரமாக, புதுத் துணியின் நிறத்தில் இருந்தது.

“தொவச்சா போயிடும்.”

“மத்த எடம்தான் இன்னும் வெளுக்கும்.”

அதன்பிறகு பல பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஃபாபியோலாவும் வீட்டிலிருந்தே படித்தாள். ஜூலையில் ஒன்பதாம் வகுப்பு அரசுத் தேர்வு. கன்னியாஸ்திரீகள் பள்ளியில்தான் எழுத வேண்டும், சீருடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தேர்வு முடியும்வரை கன்னியாஸ்திரீகளிடமே தங்கிவிட்டு, அங்கிருந்து ஜக்மெல் ஊரில் இருக்கும் சித்தியிடம் போய்விடுவது என்று ஏற்பாடு. மேற்கொண்டு படிப்பு அங்கேதான். இம்மாக்குலா ஒரு வருடமாக இந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று காலை கருவாடு போட்ட ஸ்பகெட்டி செய்தாள். ஃபாபியோலா பாதியைத் தள்ளிவைத்தாள். தலையில் வெள்ளை ரிப்பன் கட்டிவிட்டு இருவருமாக இறங்கினார்கள்.

தடுப்பில் மகென்சன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. மேட்டுப் பையன்தான்.

“அம்மா, எங்க கிளம்பிட்டீங்க?”

“பரீட்சைக்குடா. இன்னிக்கு மொத நாள்.”

அவன் ஃபாபியோலாவின் சட்டையைப் பார்த்தான்.

“பை எங்க?”

“கிழிஞ்சுபோச்சு.”

“மேட்டுல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாரத்துல கிழிஞ்சுபோச்சா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கீழ இருக்கிற பிள்ளைங்க எல்லாத்துக்கும் பை இருக்கு. பை இல்லாத பிள்ள சங்குப் பிள்ளைன்னு குருடனுக்கும் தெரியும். இதுக்குச் சங்கையே விட்டிருக்கலாம்.”

அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

“உனக்கு மொத சட்ட தச்சது நான். வளருவேன்னு கைய நீளமா வெச்சேன்.”

“ஞாபகம் இருக்கு. வளந்துட்டேன்.” அவன் துப்பாக்கியை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டான். “கெழவன் வந்து பேசட்டும். அதுவரைக்கும் அவன் துணியப் போட்டவங்க இந்த வழியா எறங்கக் கூடாது. தலைவர் சொல்லிட்டாரு.”

“அவருக்கு நாங்க யாருன்னே தெரியாதுடா.”

“எங்களையும் இப்ப அப்படித்தான் சொல்றான்.”

மணி ஏழரை. எட்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

“உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லு.”

“ஒரு தையக்காரி குடு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “இவன் டவுசர் தபால் பெட்டி மாதிரி தெறந்து கெடக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். மகென்சன் சிரிக்கவில்லை. கம்பியால் முடிந்து தோளில் மாட்டியிருந்த தோட்டாப் பையை ஒருமுறை பார்த்தான்.

“பாப்பா போகட்டும். நீங்க வாங்க. மெஷின ஆள் விட்டு எடுத்துக்கலாம்.”

“எத்தன நாளைக்கு?”

அவன் பையன்களிடம் வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினான்.

“அம்மா, வேணாம்” என்றாள் ஃபாபியோலா. “நான் அடுத்த வருஷம் எழுதறேன்.”

“அடுத்த வருஷம் சட்ட பத்தாது. பேனா வெச்சிருக்கியா?”

“இருக்கு.”

“போ. ஓடாத, நடந்து போ.”

வெள்ளை ரிப்பன் திருப்பத்தில் மறையும்வரை நின்றாள். ஃபாபியோலா ஓடவில்லை.

இம்மாக்குலாவை வைத்திருந்த வீடு முன்பு ரொட்டிக் கடை. மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை. அவர்கள் தின்ற சோறும் மொச்சையும் அவளுக்கும் வந்தது. தார்ப்பாயில், துப்பாக்கியின் தோட்டாக்கூடு செருகிக்கொள்ளும் மேலங்கிகள் தைத்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் யோலெத் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். “கொமே, பாஸ் பண்ணிட்டா. சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாளாம்” என்றாள். அதற்கப்புறம் அந்த வழியாகப் போகும்போது யோலெத் திரும்பிப் பார்ப்பதில்லை. கும்பலின் தையல்காரி என்று மேட்டில் பேச்சு.

வருடக் கடைசியில் இன்னொரு பட்டியல் வந்தது. இந்த முறை கும்பல் தலைவனின் பெயர். ரேடியோவைக் கேட்டுவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “எனக்குப் பாங்கே கெடையாதே! எதப் பூட்டுவாங்க, என் செருப்பையா?”

அந்த வாரம் புது மேலங்கிகள் கேட்டார்கள். கூடு தார்ப்பாயில் உரசிச் சத்தம் போடுகிறது, உள்ளே துணி வைத்துத் தை என்றான் மகென்சன். துணி இல்லை என்றாள். அவன் அவள் வீட்டிலிருந்து மாவுச் சாக்கைக் கொண்டுவந்து கொட்டினான்.

பிள்ளைகளின் சட்டைப் பை ஒரு தோட்டாக்கூட்டுக்குச் சரியாக இருந்தது. வெட்ட வேண்டிய வேலைகூட இல்லை. சங்கு தெரியாமல் உள்பக்கம் மடித்துத் தைத்துக்கொண்டே போனாள். ஒரு மேலங்கிக்கு எட்டு. மை கசிந்த ஃபாபியோலாவின் பை வந்தபோது எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசி மேலங்கிக்கு ஏழுதான் தேறியது. மகென்சன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“மடியில ஒண்ணு இருக்கே.”

“அது கறை.”

“கறை இருந்தா என்ன? உள்ளதானே.”

அவள் மெஷினை நிறுத்தினாள். அந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்து, ஊசியில் நூல் கோத்து, நீளநீளமாக, தளர்வாக ஓட்டுத் தையல் போட்டாள். பின்னொரு நாள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் துணி கிழியாமல் மொத்தமும் கழன்று வருகிற தையல்.

“இது நிக்குமா?” என்றான்.

“நிக்கும்” என்றாள்.

அவன் போட்டுக்கொண்டு போனான்.